சிரைக் குழாயில் உறையும் இரத்தம்

கோவை, ஈரோடு, சேலம், திருப்பூர் என எந்த ஊரின் பெரிய மருத்துவமனைக்குச் சென்றாலும், மார்பின் மேற்புறத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே வந்து இரண்டு வால்களாகப் பிரிந்திருக்கும் நோயாளிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு வாலில் சிவப்புக் கவ்வி, மற்றதில் நீலக் கவ்வி. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அவர்கள். சிவப்பு வால் வழியே இரத்தம் இயந்திரத்துக்குச் செல்கிறது. தூய்மையாகி நீல வால் வழியே உடலுக்குத் திரும்புகிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கும் இதே இனத்தைச் சேர்ந்த குழாய்கள் பொருத்தப்படுவதுண்டு. வெளியே தெரிவது ஒரு சாண்கூட இராது. மீதி தோலுக்கடியில் சென்று, கழுத்துச் சிரைக்குள் நுழைந்து, இதயத்தின் வலது மேலறை வாயில் வரை நீள்கிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அது அங்கேயே இருக்கிறது.

இவ்வளவு ஆழத்துக்கு ஏன் போக வேண்டும்? கையில் தெரியும் சிறு சிரைகளில் ஓட்டம் குறைவு. கடுமையான மருந்துகள் அங்கே தங்கி, சிரையின் உட்சுவரைப் புண்ணாக்கிவிடும். இதயத்தை ஒட்டிய மேற்பெருஞ்சிரையிலோ நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில் இரத்தம் பாய்கிறது. மருந்து விழுந்தவுடனே நீர்த்துப்போகும். டயாலிசிஸ் இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 கன செ.மீ. இரத்தம் வேண்டும். கைச் சிரையால் அதைக் கொடுக்க இயலாது.

ஆனால், ஓடும் இரத்தத்தில் ஓர் அயற்பொருளை மாதக்கணக்கில் வைத்திருந்தால் இரத்தம் உறையாதா? உறையும். உறைந்தால் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியது. அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விர்க்கோவின் ரப்பர்த் துண்டு

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சிரையில் உறைந்த இரத்தத்தைக் கண்டால் அது சிரைச் சுவரின் அழற்சியால் வந்தது என்றே மருத்துவர்கள் முடிவு கட்டினர். பெர்லினில் பணியாற்றிய ருடால்ஃப் விர்க்கோ என்ற இளைஞர் இதை ஏற்கவில்லை. பிணப் பரிசோதனையில் நுரையீரலில் காணப்படும் இரத்தக் கட்டிகள் பல அங்கே தோன்றியவையே அல்ல. வேறெங்கோ ஒரு சிரையில் உறைந்த கட்டி பிய்ந்து, ஓட்டத்தோடு வந்து அடைத்தவை என்று 1840களில் அவர் கூறினார். அதை மெய்ப்பிக்க நாய்களின் கழுத்துச் சிரைக்குள் ரப்பர்த் துண்டுகளைச் செலுத்தி, அவை நுரையீரலுக்குப் போய்ச் சேர்வதைக் காட்டினார். கழுத்துச் சிரையில் ரப்பர்! இன்று நாம் மருத்துவத்துக்காகச் செய்வதன் முன்னோடி என்று இதை வேடிக்கையாகச் சொல்லலாம்.

இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்களை விர்க்கோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஓட்டம் மந்தமாதல், சிரைச் சுவர் காயப்படுதல், இரத்தத்தின் தன்மையே மாறுதல் ஆகியவை அவை. இந்த வடிவில் பட்டியலிட்டவர்கள் உண்மையில் பின்னால் வந்தவர்கள். ஆயினும் பட்டியல் பயனுள்ளது. சிரைக் குழாயைப் பொருத்திப் பாருங்கள். ஊசி நுழைந்த இடத்திலும், குழாயின் நுனி உரசும் இடத்திலும் சுவர் காயப்படுகிறது. புற்றுநோய் உள்ளவரின் இரத்தம் எளிதில் உறையும் தன்மை பெற்றுவிடுகிறது. எஞ்சியிருப்பது ஓட்டம். அதைப்பற்றி ஒரு பௌதிக ஆசிரியன் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

கல்லூரிப் பாடத்தில் பாய்சொய் விதியைப் படித்திருப்பீர்கள். பாய்சொய் ஒரு பிரெஞ்சு மருத்துவர். நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஓட்டம் எப்படி நிகழ்கிறது என்று அறியவே கண்ணாடி நுண்குழாய்களில் நீரை ஓட்டி 1840களில் அந்த விதியைக் கண்டார். ஓட்டம், ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். குழாயின் உட்புறத்தில் உறைந்த இரத்தம் படலமாகப் படிந்து ஆரம் பாதியானால், ஓட்டம் பாதியாகாது; 16இல் ஒரு பங்காகும்.

குழாய்க்கு வெளியே, சிரையில் நிகழ்வது இன்னும் வியப்பானது. சிரையின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு விட்டமுள்ள குழாய் ஒன்று சிரையின் நட்டநடுவே நிற்பதாகக் கொள்வோம். அது அடைத்துக்கொள்ளும் பரப்பு ஒன்பதில் ஒரு பங்குதான். எனினும் அழுத்தம் மாறாதிருந்தால், ஓட்டம் முன்பு இருந்ததில் ஏறத்தாழ கால் பங்குக்கு இறங்கிவிடும் என்று கணக்குக் காட்டுகிறது. சுவரை ஒட்டிய திரவம் நகராது. நடுவில் இருப்பதே வேகமாக ஓடும். அந்த வேகமான நடுவிலேயே நாம் ஒரு புதிய சுவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம் அல்லவா? உண்மைச் சிரை விரிந்துகொடுக்கும், குழாயும் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும் என்பதால் விளைவு இவ்வளவு கடுமையாக இராது. இருந்தாலும் கைச் சிரை வழியாக நீண்ட குழாய் செலுத்தும்போது, அதன் விட்டம் சிரையின் விட்டத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இன்று செவிலியர்க்குக் கற்பிக்கிறார்கள்.

குழாய் வந்த வழி

மனித இதயத்துக்குள் முதன்முதலில் குழாயைச் செலுத்தியவர் வெர்னர் ஃபோர்ஸ்மான். 1929இல், பெர்லினுக்கு அருகிலுள்ள எபர்ஸ்வால்டே என்ற சிற்றூரின் மருத்துவமனையில் அவர் இளம் மருத்துவர். அவசர நேரத்தில் மருந்தை நேரே இதயத்தில் சேர்க்க வழி உண்டா என்பது அவர் கேள்வி. மேலதிகாரி அனுமதி மறுத்தார். அறுவைக் கருவிகளைப் பொறுப்பில் வைத்திருந்த செவிலியோ, 'சோதனையை என் மீது செய்யுங்கள்' என்று முன்வந்தார். ஃபோர்ஸ்மான் அவரை மேசையில் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, அவர் அறியாமல் தம்முடைய இடது முழங்கைச் சிரையைத் திறந்து, சிறுநீர்க் குழாய்க்குப் பயன்படும் மெல்லிய ரப்பர்க் குழாயை உள்ளே தள்ளினார். பிறகு குழாயோடு படியிறங்கி நடந்து எக்ஸ்ரே அறைக்குச் சென்றார். 65 செ.மீ. உள்ளே சென்ற குழாயின் நுனி இதயத்தின் வலப்புறத்தில் இருந்தது படத்தில் தெரிந்தது. பாராட்டைவிட ஏளனமே அவருக்கு மிகுதியாகக் கிடைத்தது. நோபல் பரிசு வந்து சேர 1956 ஆயிற்று.

ஃபோர்ஸ்மானின் குழாய் உள்ளே இருந்தது சிறிது நேரமே. எனவே உறைதல் ஒரு கேள்வியாக எழவில்லை. குழாயை உள்ளேயே விட்டுவைக்கும் எண்ணம் பிளாஸ்டிக் வந்த பிறகு, இரண்டாம் உலகப் போரை ஒட்டியே வலுப்பெற்றது. அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் ஒபானியாக், காறையெலும்புக்கு அடியிலுள்ள பெருஞ்சிரையை ஊசியால் எட்டும் முறையை 1952இல் வெளியிட்டார். 1968இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர், குடலால் உணவை ஏற்க முடியாதவர்களுக்கு முழு ஊட்டத்தையும் மேற்பெருஞ்சிரை வழியாகவே கொடுத்துக் காட்டினர். அன்றைய பிளாஸ்டிக் குழாய்கள் விறைப்பானவை. அவை சிரைச் சுவரைக் குத்தின, உரசின, இரத்தம் உறைந்தது.

மென்மையான சிலிக்கோன் ரப்பரை நாடியவர்கள் சியாட்டில் நகரத்தார். 1960இல் டெஃப்லான் குழாயைத் தமனிக்கும் சிரைக்கும் இடையே இணைத்து, நாள்பட்ட சிறுநீரக நோயாளியை வாழவைக்க முடியும் என்று காட்டிய பெல்டிங் ஸ்கிரிப்னரின் ஊர் அது. அவருடன் பணியாற்றிய பிரோவியாக் 1973இலும், அதே நகரின் ஹிக்மன் 1979இலும் தத்தம் பெயரால் வழங்கும் சிலிக்கோன் குழாய்களை வெளியிட்டனர். குழாயைத் தோலுக்கடியில் சிறிது தூரம் சுரங்கமாகச் செலுத்தி, நடுவில் ஒரு துணிப் பட்டை வைத்தார்கள். அந்தப் பட்டைக்குள் தசைநார் வளர்ந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும், கிருமிக்கும் வழியடைக்கும். ஹிக்மன் குழாய் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கென்றே உருவானது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையும், 1986இல் எலும்பு மஜ்ஜை மாற்றும் நடந்தன. இத்தகைய நீண்ட சிகிச்சைகள் பெருகப் பெருக, குழாயும் அதன் அடைப்பும் நம் ஊர் மருத்துவமனைகளின் அன்றாடக் கவலை ஆயின.

ஏன் இவ்வளவு கவலை? சிரைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கழுத்தில் இருபுறம், காறையெலும்புக்கு அடியில் இருபுறம், தொடையிடுக்கில் இருபுறம். பெரிய வாயில்கள் இவ்வளவே. அடைத்த குழாயைக் கழற்றிவிட்டால் இன்னொரு சிரையில் புதுக் குழாய் போட வேண்டும். அங்கும் அடைத்தால் மூன்றாவது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்படும் ஒருவருக்கு, எல்லா வாயில்களும் அடைபட்டால் சிகிச்சைக்கே வழியில்லாமற் போகும். அவருக்குச் சிரை என்பது செலவழிக்கக் கூடாத முதல்.

கல்லீரல், மக்கிய தீவனம், தொண்டைக் கிருமி

உறைதலை எதிர்க்கும் மருந்துகள் கிடைத்த இடங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற மாணவர், இரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடி நாயின் கல்லீரலிலிருந்து சாறெடுத்தார். கிடைத்த சாறுகளில் ஒன்று இரத்தத்தை உறையவிடாமல் தடுத்தது! அவருடைய பேராசிரியர் ஹோவெல் 1918இல் இத்தகைய பொருளுக்கு ஹெப்பாரின் என்று பெயரிட்டார். கல்லீரலுக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். இன்சுலினைக் கண்டவர்களில் ஒருவரான சார்லஸ் பெஸ்டின் குழு டொரான்டோவில் அதைத் தூய்மைப்படுத்த, 1930களின் நடுவில் அது மனிதர்க்குப் பயன்பட்டது.

இரண்டாவது மருந்து மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தது. நம் குதிரை மசாலுக்கு உறவான 'ஸ்வீட் குளோவர்' என்ற தீவனப் பயிரை அமெரிக்க, கனடிய உழவர்கள் உலர்த்திப் போர் போட்டு வைப்பார்கள். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த போரைத் தின்ற மாடுகள் 1920களில் இரத்தம் நிற்காமல் மடிந்தன. 1933 பிப்ரவரியில், விஸ்கான்சின் மாநில உழவர் ஒருவர் செத்த கன்றுகாலியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், மக்கிய தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் நெடுந்தொலைவு வந்து, கார்ல் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் முன் இறக்கினார். ஆறாண்டுகளுக்குப் பின் காரணப்பொருள் படிகமாகக் கிடைத்தது. அதன் வழிவந்த வார்ஃபாரின் 1948இல் எலிப் பாஷாணமாகக் கடைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாயிற்று.

இங்கே ஒன்றைத் தெளிவாக நினைவில் வையுங்கள். ஹெப்பாரினோ வார்ஃபாரினோ ஏற்கெனவே உறைந்துவிட்ட கட்டியைக் கரைப்பதில்லை. மேலும் வளராமல் தடுக்கின்றன, அவ்வளவே. கரைக்கும் வேலையை உடலே மெல்ல மெல்லச் செய்துகொள்கிறது. இரத்தத்தில் உறங்கிக் கிடக்கும் பிளாஸ்மினோஜென் விழித்துப் பிளாஸ்மின் ஆகி, கட்டியைப் பிணைத்திருக்கும் ஃபைப்ரின் என்ற நார்ப்புரதத்தை அறுக்கிறது.

அதை விரைவில் விழிக்கச் செய்யும் பொருள் தொண்டைப் புண் கிருமியிடம் கிடைத்தது. 1933இல் வில்லியம் டில்லட் இந்தக் கிருமி வகையைப் பிளாஸ்மாவோடு சேர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். சோதனைக் குழாய்களில் உறைந்திருந்த பிளாஸ்மா சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது மறுபடி நீராகியிருந்தது. கிருமி சுரந்த அப்பொருளே ஸ்ட்ரெப்டோகைனேஸ். 1947இல் மனிதச் சிறுநீரிலும் இத்தகைய ஆற்றல் இருப்பது தெரிந்து, யூரோகைனேஸ் என்ற பெயர் தோன்றியது. திசுக்களிலிருந்து கிடைக்கும் மூன்றாவது ஒன்று, மரபணுப் பொறியியலால் 1980களில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட ஆல்ட்டிப்ளேஸ்.

ஊறவைத்துக் கழுவுதல்

பொங்கலூர், உடுமலைப் பக்கம் சொட்டுநீர் போட்டிருக்கும் உழவரைக் கேட்டுப் பாருங்கள். போர்வெல் தண்ணீரின் உப்புப் படிந்து சொட்டுவான்கள் அடைத்துக்கொண்டால், அவர் தோப்பு முழுவதும் குழாயைப் பிடுங்குவதில்லை. அமிலத்தைக் குழாயில் நிரப்பி, நிறுத்தி, ஊறவைத்துப் பிறகு கழுவி விடுகிறார். சிரைக் குழாயிலும் 1980இல் இதே போன்ற வழி பிறந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் புற்றுநோய் மருத்துவமனையைச் சேர்ந்த குழு, அடைத்த குழாய்க்குள் சிறிதளவு யூரோகைனேஸை நிரப்பி, காத்திருந்து, திரும்ப உறிஞ்சி எடுத்துக் குழாயைத் திறந்த செய்தியை வெளியிட்டது.

இதன் நுட்பம் அளவில் இருக்கிறது. மாரடைப்புக்கு ஆல்ட்டிப்ளேஸ் 100 மி.கிராம் வரை உடல் முழுவதும் பாயும்படி கொடுக்க நேரும். மூளையில் இரத்தக் கசிவு வரலாம் என்ற அச்சம் எப்போதும் உண்டு. குழாயின் ஒரு வாலுக்குள் கொள்வதோ ஏறத்தாழ 2 கன செ.மீ. அதில் 2 மி.கிராம் போதும். ஐம்பதில் ஒரு பங்கு! அதுவும் பெரும்பாலும் குழாய்க்குள்ளேயே தங்குகிறது. மனிதச் சிறுநீரக உயிரணுக்களிலிருந்து செய்த யூரோகைனேஸில் தொற்று ஐயம் எழுந்ததால் 1999இல் அமெரிக்காவில் அது நின்றுபோக, 2001இல் ஆல்ட்டிப்ளேஸ் இந்தப் பணிக்கு அங்கே அனுமதி பெற்றது. இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தேவையானால் மறுமுறையும் செய்ததில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது குழாய்கள் திறந்துகொண்டன. ஆல்ட்டிப்ளேஸின் விலை அதிகம் என்பதால் நம் நாட்டு டயாலிசிஸ் நிலையங்களில் யூரோகைனேஸ் இன்றும் பயன்படுகிறது.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் இன்னும் மலிவாயிற்றே என்பீர்கள். சண்டிகரின் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிலையத்தில் கிரிஷ் சாஹ்னி தலைமையிலான குழு அதன் தயாரிப்பு முறையை உள்நாட்டிலேயே உருவாக்கித் தந்தது நமக்கெல்லாம் பெருமை. மாரடைப்பு நோயாளிகள் பலருக்கு அது எட்டும் விலையில் கிடைத்தது அதனால்தான். ஆனால் அது கிருமியின் புரதம். ஒருமுறை உள்ளே போனால் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடும். மறுமுறை பயனற்றுப் போகலாம், ஒவ்வாமையும் வரலாம். மாதத்தில் இருமுறை அடைக்கக்கூடிய குழாய்க்கு அது பொருந்தாது.

கழற்றுவதா, வைத்திருப்பதா?

இதுவரை சொன்னது குழாய்க்குள் உறைந்த இரத்தம். குழாயைச் சுற்றிச் சிரையிலேயே உறைந்தால் கதை வேறு. அந்தப் பக்கத்துக் கை வீங்கும், கனக்கும். தோளிலும் மார்பிலும் சிறு சிரைகள் புடைத்துத் தெரியும். கட்டி பிய்ந்தால் விர்க்கோ சொன்னபடி நுரையீரலுக்குப் போகும். இதைக் கண்டவுடன் குழாயைக் கழற்றுவதே நெடுநாள் வழக்கம்.

வருமுன் காக்க முடியாதா என்று முயன்றார்கள். நாளுக்கு 1 மி.கிராம் என்ற மிகச் சிறு அளவு வார்ஃபாரின் கொடுத்தால் உறைதல் வெகுவாகக் குறைகிறது என்று 1990இல் வந்த ஒரு சிறிய ஆய்வு சொல்ல, உலகெங்கும் பலர் அதைப் பின்பற்றினர். 2009இல் பிரிட்டனில் 1,590 புற்றுநோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. பயன் எதுவும் இல்லை! ஏறத்தாழ இருபதாண்டுப் பழக்கம் அதோடு ஆட்டம் கண்டது. சிறிய ஆய்வின் இனிய முடிவைப் பெரிய ஆய்வு வரும்வரை முழுதாக நம்பாதிருப்பது நல்லது என்பதற்கு, என் மாணவர்களுக்கு நான் காட்டும் எடுத்துக்காட்டு இது.

கழற்றும் வழக்கத்தையும் ஒரு சிறிய ஆய்வுதான் அசைத்தது. எண்ணிக்கை சிறிதாயினும் கேள்வி கூரியது. 2007இல் கனடாவில், குழாயால் கைச் சிரையில் இரத்தம் உறைந்த 74 புற்றுநோயாளிகளுக்குக் குழாயை அப்படியே விட்டுவிட்டு ஹெப்பாரின் வகை ஊசியும் வார்ஃபாரினும் கொடுத்தனர். மூன்று மாதத்தில் உறைவு மீண்டதாலோ பரவியதாலோ கழற்றப்பட்ட குழாய் ஒன்றுகூட இல்லை. சிகிச்சை முடிந்தும், கிருமித் தொற்றாலும் கழற்றியவை மட்டுமே உண்டு.

இன்றைய நெறி இதையொட்டியதே. குழாய் இன்னும் தேவையா, வேலை செய்கிறதா, கிருமி இல்லையா என்று பார்க்கிறார்கள். மூன்றும் சரியானால் குழாய் இருக்கட்டும். உறைவெதிர் மருந்து குறைந்தது மூன்று மாதமும், அதற்குமேல் குழாய் உள்ளே இருக்கும் வரையிலும் தொடரும். உறைவெதிர் மருந்தே கொடுக்க முடியாத அளவு இரத்தக் கசிவு அபாயம் உள்ளவரின் நிலைமை தனி. அவரைப்பற்றி மருத்துவர் எடைபோட்டு முடிவு செய்வார்.

டயாலிசிஸ் நோயாளிக்கு இதைவிடச் சிறந்த வழி ஒன்று 1966இலேயே வெளியாகிவிட்டது. நியூயார்க்கில் பிரேசியா, சிமினோ ஆகியோரும் அறுவை மருத்துவர் அப்பெல்லும், மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் நேரே இணைத்துத் தைத்தனர். தமனியின் அழுத்தம் தாங்கிச் சிரை சில வாரங்களில் தடித்துவிடுகிறது. ஊசியை அதிலேயே செருகலாம். உள்ளே அயற்பொருள் எதுவும் தங்குவதில்லை. சிரைக் குழாய் பெரும்பாலோர்க்கு இந்த இணைப்புத் தயாராகும் வரைக்குமான இடைக்கால ஏற்பாடே. அந்தக் கையில் இரத்தம் எடுக்கவோ, இரத்த அழுத்தம் பார்க்கவோ விடக்கூடாது என்று நோயாளிகளுக்குச் சொல்லியனுப்புகிறார்கள். தைத்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே தேனீ இரைவது போன்ற அதிர்வு தெரியும். வேகமாகப் பாயும் இரத்தம் சீராக ஓடாமல் சுழல்வதால் எழும் அதிர்வு அது. நோயாளிகள் நாள்தோறும் காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்க்கிறார்கள். அதிர்வு நின்றிருந்தால் உள்ளே இரத்தம் உறைந்துவிட்டது என்று கொண்டு, அன்றே மருத்துவமனைக்குப் புறப்படுகிறார்கள்.